அந்தச் சட்டையைத் துவைக்கவா, ஐயா?

கேள்வி: ஐயா, எனக்கு ஊர் இருக்கன்குடி. வீட்டுக்காரர் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிற வேலை பார்த்தார். வெடி விபத்தில் போய்விட்டார். ரெண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்குக் காலையில், “உடம்பு சரியில்ல, லீவு போடட்டுமா?” என்று கேட்டார். வாங்கின முன்பணம் கழியணுமே என்று நான்தான் தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்து அனுப்பினேன். “இன்னும் அழுதால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம்” என்கிறார்கள் சபையில். முந்தின நாள் அவர் கழற்றிப் போட்ட சட்டை துவைக்காமல் இருக்கிறது. காலரில் சில்வர் பவுடர் இன்னும் மினுங்குகிறது. அதைத் துவைத்துப் போட்டால் துக்கம் விட்டுவிடும் என்கிறாள் மதினி. கை வரமாட்டேன் என்கிறது. ஜெபத்தில் உட்கார முடியவில்லை. எதுக்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது.

பதில்: மகளே, சட்டையைத் துவைக்க வேண்டாம். உனக்கே எப்போது தோன்றுகிறதோ அப்போது துவை. தோன்றாவிட்டால் அப்படியே இருக்கட்டும். மருந்துத் தூள் படிந்த துணி என்பதால் அடுப்பங்கரைப் பக்கம் மட்டும் வைக்காதே.

அழுவது அவிசுவாசம் என்று சொன்னவர்கள் உன் மேல் பிரியமாகத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அது வேதத்தில் இல்லை. நம்பிக்கை இல்லாதவர்களைப் போலத் துக்கப்பட வேண்டாம் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். அதைப் பாதியில் வெட்டி, “அழாதே” என்று ஆக்கிவிட்டோம். லாசருவை எழுப்பத்தான் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அவன் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டானே என்று மார்த்தாள் முகத்துக்கு நேராகக் கேட்டபோது அவளைக் கடிந்துகொள்ளவும் இல்லை.

நம் பக்கத்துச் சாவு வீடுகளில் ஒப்பாரி எடுப்பார்கள். கிறிஸ்தவ வீடு என்றால் சில இடங்களில் அதை அமர்த்திவிட்டுப் பாட்டு தொடங்குகிறோம். எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. வேதாகமத்தில் ஒரு புத்தகத்தின் பெயரே ‘புலம்பல்’. எருசலேம் எரிந்து அழிந்ததற்கு வைத்த ஒப்பாரி அது. முதல் 4 அதிகாரங்களும் எபிரெய அகரவரிசைப்படி, எழுத்தெழுத்தாக எண்ணி அழுதவை. நம்பிக்கையான பேச்சு நடுவில், 3ஆம் அதிகாரத்தில் வருகிறது, அதோடு முடிந்துவிடவில்லை. திரும்பவும் அழுகை. எங்களை ஒரேயடியாக வெறுத்துவிட்டீரோ என்கிற கேள்வியில்தான் புத்தகம் முடிகிறது. அந்தக் கேள்வியைக் கடவுள் தம் புத்தகத்திலிருந்து எடுத்துவிடவில்லை. உன் கேள்வியையும் தாங்குவார்.

ஆனால் ஒன்றை நீ விட்டே ஆக வேண்டும். அது துக்கம் இல்லை. உன் தலையில் நீயே தூக்கி வைத்துக்கொண்ட பழி. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12ஆம் தேதி அச்சங்குளத்திலும் வெடித்த பட்டாசு ஆலைகளுக்குள் இருந்தவர்களை எண்ணிப் பார். அவர்களுக்கும் யாரோ ஒருத்தி விடியலில் எழுந்து சோறு கட்டிக் கொடுத்துத்தான் அனுப்பியிருப்பாள். அவர்களில் ஒருத்தியையாவது கொலைகாரி என்பாயா? மருந்தைப் பற்றவைப்பது உராய்வும் கவனக்குறைவும், அனுமதிக்கு மேல் ஆளையும் மருந்தையும் ஒரே அறையில் அடைக்கிற பேராசையும். தூக்குச்சட்டி இல்லை. அந்தக் காலையை நடந்தது நடந்தபடியே ஆண்டவரிடம் வாய்விட்டுச் சொல். பாவம் என்பதற்காக அல்ல, தனியாகச் சுமக்க முடியாதது என்பதற்காக. உங்கள் சபை ஐயரை வைத்துக்கொண்டு சொன்னாலும் நல்லது.

எதுக்கு இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறாயே, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எலியாவும் சூரைச்செடிக்குக் கீழே உட்கார்ந்து சாவைக் கேட்டார். தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டார், படுத்தார், திரும்ப எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் அந்த நிமிஷமே மதினியை எழுப்பிப் பக்கத்தில் உட்காரச் சொல். 104 அல்லது 14416, எந்த நேரமும் கூப்பிடலாம். காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் போய்ப் பார். மாத்திரை கொடுத்தால் சாப்பிடு; அதனால் விசுவாசம் குறைந்துவிடாது.

டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931இல் குழியில் விழுந்து அடிபட்டார். 1951இல் கண்மூடும்வரை பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கிடந்தார். நோயாளிகளுக்கு ஆறுதலாக நன்றாயிருப்பவர்கள் எழுதி அனுப்புவது அவருக்கு ஒட்டவில்லை. படுக்கையில் கிடக்கிறவரே படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு எழுத வேண்டும் என்று அவரே எழுதினார். ஆகவே என்னைவிட உனக்கு உதவக்கூடியவள் உன் பக்கத்து ஊரிலேயே இருப்பாள், இதேபோலப் பறிகொடுத்தவள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு உங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் கண்மலர் செலுத்துகிற கூட்டத்தில்கூட அவள் நிற்கலாம். சபை, சாமி பார்க்காதே. ஒரு சாயங்காலம் அவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்.

ஜெபம் வரவில்லை என்றாய். வேண்டாம், புலம்பல் 3ஆம் அதிகாரத்தைச் சத்தமாக வாசி. அழுகை வந்தால் நிறுத்தி அழு. விட்ட இடத்திலிருந்து மறுபடி வாசி. 66 வசனம்தான், ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை.