ஏல விலையோடு கணக்கு முடிவதில்லை

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் பட்டறைக்காக உட்லண்ட்ஸில் வங்கி ஏலத்துக்கு வரும் சிறிய தொழிற்கூடம் ஒன்றைக் கேட்க நினைப்பதாகவும், அதற்கு ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) உண்டா என்றும் எழுதியிருந்தீர்கள். ஏலத்துக்குப் போகுமுன் கேட்டீர்களே, அது எனக்குப் பெரிய நிம்மதி.

சிங்கப்பூரில் ஏலத்துக்கென்று தனி வரி இல்லை. ஏலத்தில் விற்றாலும் நேரில் பேசி விற்றாலும் விதி ஒன்றுதான். விற்கப்படுவது என்ன, அது ஜிஎஸ்டிக்குப் பதிந்தவரின் சொத்தா என்ற இரண்டையும்தான் சட்டம் பார்க்கிறது. குடியிருப்பு வீட்டுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு; விற்பவர் நிறுவனமாக இருந்தாலும் உண்டு. கடை, அலுவலகம், தொழிற்கூடம் இவற்றுக்கு அந்த விலக்கு கிடையாது. சிராங்கூன் சாலைப் பக்கம் உள்ளதுபோல் கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் கட்டடத்தில், விலையைப் பிரித்துக் கடைப் பகுதிக்கு மட்டும் வரி போடுவார்கள்.

பலர் ஏமாறுவது அடுத்த விஷயத்தில். "விற்பது வங்கிதானே, முன்னாள் முதலாளியின் ஜிஎஸ்டி பதிவு நமக்கெதற்கு?" என்று இருந்துவிடுகிறார்கள். ஜிஎஸ்டிக்குப் பதிந்த ஒருவரின் தொழில் சொத்தைக் கடனுக்காக வங்கி விற்றால், அந்தக் கடனாளியே விற்றதாகத்தான் சட்டம் கொள்ளும். அவர் பதிந்தவர் என்றால் ஏல விலைக்குமேல் வரி வரும். பதியாதவர் என்றால் வராது. பக்கத்துப் பக்கத்துக் கூடங்கள் இரண்டு ஒரே விலைக்குப் போய், ஒன்றுக்கு மட்டும் வரி விழுவது இதனால்தான்.

1994இல் 3 விழுக்காடாகத் தொடங்கிய ஜிஎஸ்டி 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. 500,000 வெள்ளிக்கு ஏலம் எடுத்தால் வரி மட்டும் 45,000 வெள்ளி. அந்த விலைக்கு முத்திரைத் தீர்வை 9,600 வெள்ளி தனி. இரண்டாவது வீடு வாங்கும் குடிமகன் கட்டும் 20 விழுக்காட்டுக் கூடுதல் தீர்வை தொழிற்கூடத்துக்கு இல்லை என்பது ஓர் ஆறுதல்.

உங்கள் பட்டறை ஜிஎஸ்டிக்குப் பதிந்திருந்து, வரிக்குரிய தொழிலுக்கே கூடத்தைப் பயன்படுத்தினால் அந்த 45,000 வெள்ளியைத் திரும்பக் கோரலாம். ஆண்டு வருவாய் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாததால் பதியாமல் இருக்கிறீர்கள் என்றால், அது முழுக்க உங்கள் செலவு. விரும்பிப் பதிந்துகொள்ளவும் வழி உண்டு. ஆனால் அதன்பின் உங்கள் வாடிக்கையாளர்களிடமும் வரி வசூலித்துக் கணக்குக் காட்ட வேண்டும். கணக்காளரிடம் பேசாமல் அதில் இறங்காதீர்கள்.

வீட்டுக்கு விலக்கு உண்டு என்றேன்; ஆனால் ஜிஎஸ்டி விலக்குகள் எல்லாம் நியாயமாக அமைந்தவை என்று நான் நினைக்கவில்லை. 2012 அக்டோபர் முதல் முதலீட்டுத் தரமுள்ள தங்கக் கட்டிக்கு ஜிஎஸ்டி இல்லை. கடையில் வாங்கும் தாலிக்கொடிக்கு உண்டு. சேமிப்பையெல்லாம் நகையாகவே வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இது பாரபட்சம்தான்.

ஏல அறிவிப்பில் வரி விவரத்தை விலைக்குப் பக்கத்திலேயே பெரிதாகப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை நீங்கள்தான் கேட்க வேண்டும். விற்பனை நிபந்தனைகளை முன்கூட்டியே வாங்கி வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஜிஎஸ்டி உண்டா இல்லையா என்பதை ஏலம் விடுபவரிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதில் கைக்கு வரும்வரை ஏலத்தில் கை தூக்காதீர்கள்.