வெள்ளைக் குட்டியும் தறிக்குழியும்

சேத்துப்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது.  

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். யாரோ ஒருவரின் உள்ளங்கையில் பஞ்சுருண்டை மாதிரி வெள்ளைக் குட்டி. 'டீகப் பொமரேனியன்', வளர்ந்தாலும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது, அதனால் விலை இரண்டு மடங்கு என்று விற்கிறவர் சொன்னாராம். பாப்பாவின் பிறந்தநாளுக்கு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் 'சரி பெரியப்பா, சரி பெரியப்பா' என்றபடியே அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாய் வாங்கு. அந்தக் குட்டியை வாங்காதே.

முப்பது வருஷம் கால்நடை ஆய்வாளராக இருந்தவன் நான். மாட்டுக்குச் சினை ஊசி போட்டே காலம் போயிற்று. நாய் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, எங்கள் வீட்டு நாய் ஜூலி செத்த பிறகு தெரிந்துகொண்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பொமரேனியா என்பது பால்டிக் கடலோரச் சீமை. இன்றைக்கு ஜெர்மனியிலும் போலந்திலுமாகப் பிரிந்து கிடக்கிறது. பனிநாட்டில் வண்டி இழுத்த, மந்தை மேய்த்த ஸ்பிட்ஸ் நாய்களின் வம்சம்தான் பொமரேனியன். கூர்க்காது, முதுகின் மேல் சுருண்டு விழும் வால், இரட்டை மயிர் எல்லாம் அந்தக் குளிருக்காக அமைந்தவை. 1888இல் விக்டோரியா ராணி இத்தாலியில் பிளாரன்ஸ் நகருக்குப் போனபோது மார்க்கோ என்கிற சின்ன நாயைப் பிடித்துப்போய் வாங்கி வந்தார். அது ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அந்த அளவுக்கே ஊர் மயங்கிவிட்டது. ராணியைப் பார்த்து எல்லோரும் சின்னதாக வேண்டும், இன்னும் சின்னதாக வேண்டும் என்று கேட்க, வளர்த்தவர்களும் குட்டையோடு குட்டையை இணைத்துக்கொண்டே போனார்கள். இன்றைக்கு அசல் பொமரேனியன் இரண்டிலிருந்து மூன்று கிலோ. 'டீகப்' என்று எந்த இனமும் கிடையாது. நோஞ்சான் குட்டிக்குக் கடைக்காரர் வைத்த செல்லப்பெயர் அது. சில இடத்தில் ஆறு வாரம்கூட ஆகாததைத் தாயிடமிருந்து பிரித்து எடுத்து வந்து, 'பாருங்க எவ்வளவு சின்னது' என்பார்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017இல் வந்த மத்திய அரசு விதியே இருக்கிறது.

நம் பக்கத்தில் 'பாம்' என்று சொல்லித் தெருவுக்கு ஒன்று இருந்ததே, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பயந்து ஓடுவாயே, அதெல்லாம் பொமரேனியன் இல்லை கண்ணு. இந்தியன் ஸ்பிட்ஸ். ஐந்து, ஆறு, ஏழு கிலோ வரும். மூஞ்சி கொஞ்சம் நீளம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெளிநாட்டு நாயை இறக்குமதி செய்வது கஷ்டமாக இருந்த காலத்தில் நாடு முழுக்க வீடுகளில் இருந்தது அதுதான். 1994இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் டஃபி என்று ஒன்று துறுதுறுவென ஓடுமே, அதுவும் இதே சாதி. தலைமுறை தலைமுறையாக நம் வெயிலில் பிறந்து பழகியது. என்னைக் கேட்டால் உன் வீட்டுக்கு அதுதான். 2003இல் ஹட்ச் செல்போன் விளம்பரம் வந்ததும் எல்லோரும் பக் நாய்க்கு ஓடினார்கள். மூக்கு சப்பிப்போய், மூச்சு விடவே போராடுகிற ஜீவன் அது. தமிழக அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்ற பட்டியலில் பக்கும் இருந்தது. விளம்பரம் எடுத்தவர்களுக்குச் சித்திரையில் உன் ஊர் ஆரணி எப்படிக் காயும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

பொமரேனியன்தான் வேண்டும் என்றால் இதையும் கேள். சின்ன நாயில் எல்லாமே சின்னதாகிவிடுவதில்லை. பல்லை எடுத்துக்கொள். ராஜபாளையம் நாய்க்கும் 42 பல்தான், பொமரேனியனுக்கும் 42தான். அத்தனையும் அந்த விரல்கடைத் தாடையில் நெருக்கியடித்து நிற்கும். பால்பல் விழாமலே பக்கத்தில் புதுப்பல் முளைக்கும். ஆறு, ஏழு மாதத்தில் வாயைத் திறந்து பார். இரண்டும் ஜோடியாக நின்றால் டாக்டரிடம் காட்டி எடுத்துவிடு. முட்டிச்சில்லும் அப்படித்தான், இருக்கும் பள்ளம் ஆழமில்லாததால் வழுக்கி விலகும். ஓடிக்கொண்டே இருக்கும் நாய் திடீரென்று பின்னங்கால் ஒன்றைத் தூக்கி மூன்று காலில் நாலடி குதித்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி ஓடும். பார்ப்பவர்கள் விளையாட்டு என்று சிரிப்பார்கள். உன் மாமியார் வீட்டில் புதிதாகப் போட்ட வழவழ டைல்ஸ் அதற்கு எமன். கோரைப்பாய் ஒன்றை விரித்துவிடு. பாதத்துக்கடியில் வளரும் மயிரைக் கத்தரித்துவிடு. கழுத்தில் பட்டை கட்டாதே, மார்போடு சேர்த்துக் கட்டுகிற வாரை வாங்கு. மூச்சுக்குழாய் மெலிந்தது, இழுத்து இழுத்து நசுங்கினால் வாத்து கத்துகிற மாதிரி இருமும்.

கழுத்து என்றதும் இன்னொன்று. கண் பட்டுவிடும் என்று உன் மாமியார் கறுப்புக் கயிறு கட்டுவார். கட்டட்டும், வருத்தப்படுத்தாதே. பத்து நாளில் நீ அவிழ்த்துவிடு. குட்டி வளரும், கயிறு வளராது. மயிர் மூடியிருப்பதால் வெளியே தெரியாமலே தோலை அறுத்து உள்ளே போய்விடும். புழு வைத்த பிறகு தூக்கிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஜூலி. உன் அப்பாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் மூன்று தறி ஓடிக்கொண்டிருந்தது. ஜூலி தறிக்குழி ஓரத்தில் தாத்தாவின் வேட்டியை மோந்தபடி படுத்திருக்கும். நாடா போய் வரும் சத்தம் அதற்குத் தாலாட்டு. சத்தம் நின்றால்தான் விழித்துக்கொள்ளும். ஒரு நாள் காலையில் அதன் வாயோரம் அரக்கு நிறப் பட்டு இழை ஒன்று தொங்கியது. தார் சுற்றுகிற இடத்தில் கிடந்த கழிவு நூலைத் தின்றிருக்கிறது. நான் பிடித்து இழுத்தேன். ஒரு சாண் வந்தது. பிறகு இறுகியது. நான் விடவில்லை, இன்னும் இழுத்தேன்.

பாவாடை நாடாவை இழுத்தால் துணி எப்படிச் சுருங்கிக் கொசுவுமோ, அப்படித்தான் குடல். இழையின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ளும். மறுமுனை குடலோடு கீழே போகும். குடல் நூல்மேல் ஏறிக் கொசுவிக்கொள்ளும். பட்டு இழை மெல்லியது, முறுக்கேறியது, அறாது. கொசுவின இடத்தில் அதுவே குடலை அறுக்கும். ஜூலி தின்றதெல்லாம் கக்கியது, முதுகை வளைத்துக்கொண்டு நின்றது, மூன்றாம் நாள் போய்விட்டது. வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். மாட்டு வைத்தியம் தெரியும் என்கிற திமிரில் போகவில்லை.

ஆகவே, தறி வீட்டில் நாய் வளர்க்கிறவள் நீ என்பதை மறக்காதே. கழிவு நூலுக்கு மூடி போட்ட டப்பா வை. ஜரிகைத் துணுக்கு, ஊசி, சாயப்பொட்டலம் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. வாயிலோ பின்னாலோ நூல் தொங்கினால் இழுக்காதே, நறுக்கவும் செய்யாதே. அப்படியே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போ.

மயிர் விஷயம் உனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை, நூல் தெரிந்த கை. மேலே நீள மயிர், அடியில் பஞ்சு. மேலோட்டமாகச் சீவினால் பளபளவென்று இருக்கும், அடியில் சிக்கு இறுகிக் கம்பளி மாதிரி ஆகிவிடும். பாவில் சிக்கு எடுக்கிற மாதிரி பகுதி பகுதியாகப் பிரித்து, தோல் தெரிகிற வரை, வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் சீவு. மாதம் ஒரு குளியல் போதும். நாம் போடும் சோப்பு வேண்டாம். அடிமயிர் ஈரமாகவே இருந்தால் புண் வரும், நன்றாக உலர்த்து. சீவும்போதே காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி பார். மண்ணெண்ணெய் தடவும் வேலை வேண்டவே வேண்டாம், நக்கியே செத்துப்போகும். இங்கே வரும்போது இன்னும் கவனம். அறுப்புக் காலத்தில் விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டை வந்தபடி இருக்கும். தெருவெல்லாம் நெல் சுணை, வரப்பெல்லாம் ஊசிப்புல். காதுக்குள் போனால் தலையை உதறிக்கொண்டே இருக்கும்.

வெயில் காலத்தில் மொட்டை அடித்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. அந்த மயிர் வெயிலையும் ஓரளவு தடுக்கும். ஒட்ட வழித்தால் சில நாய்களுக்குத் திரும்ப முளைப்பதே இல்லை. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கை நீட்டி இரைத்துத்தான் சூட்டைத் தள்ளும். அக்னி நட்சத்திரத்தில் விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் மட்டும் வெளியே கூட்டிப் போ. இரைப்பு நிற்காமல், எச்சில் நூலாக ஒழுகித் தள்ளாடினால் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, விசிறியைப் போட்டு, உடனே கிளம்பு.

சாப்பாட்டில்தான் நம் வீட்டுப் பாசம் விஷமாகிறது. மூன்று கிலோ நாய்க்கு நாளுக்கு மொத்தமே 200, 250 கலோரி போதும்; இட்லிக் கணக்கில் நாலு, ஐந்து. ஆளுக்கொரு துண்டு வடை போட்டாலே கணக்கு முடிந்தது. உப்பு, காரம், வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்த கோழியும் சோறும், முட்டை, அல்லது அதற்கென்று விற்கிற தீனி. சாம்பார் சோறு கூடாது. வெங்காயம் அதன் ரத்தத்தைக் கெடுக்கும். பாயசத்தில் இருக்கும் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாப்பாவின் சாக்லேட்டும் விஷம்தான். மூன்று, நாலு மாதம் வரை ஒரு நாளைக்கு நாலு வேளை கொடு. சின்னக் குட்டி ஒரு வேளை பட்டினி கிடந்தாலே சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். அப்போது ஈறில் கொஞ்சம் தேன் தடவி, டாக்டரிடம் ஓடு. படத்தில் இருக்கிற அந்த உள்ளங்கைக் குட்டியை வேண்டாம் என்றதற்கு இது பெரிய காரணம்.

ஊசிகளைத் தள்ளிப்போடாதே. பார்வோ முதலான நோய்களுக்குச் சேர்த்துப் போடுகிற ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பம். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில், பிறகு வருஷா வருஷம். ஜூலை 6 அன்று அரசு கால்நடை மருந்தகங்களில் இலவசமாகவே போடுவார்கள். வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதே. பாப்பாவைப் பல் பட்டுக் கீறினாலும் 15 நிமிஷம் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ.

பெட்டை வாங்கினால் குட்டி போட வைத்துக் காசு பார்க்கலாம் என்று மாப்பிள்ளைக்கு யாரோ ஓதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். சின்ன இடுப்பு, குட்டிக்குப் பெரிய தலை. பல தடவை வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு ஆகும் செலவையும் மாப்பிள்ளையிடம் சொல்.

குரைக்கும். நிறையவே குரைக்கும். தன் உயரம் அதற்குத் தெரியாது, தெருநாயைப் பார்த்தாலும் வண்டிக்காளையைப் பார்த்தாலும் எதிர்த்து நிற்கும். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும் நேரத்தில் மட்டும் கட்டிப்போடு. ஒரு தடவை குறுக்கே ஓடினால் பக்கத்து வீட்டோடு ஆயுசுக்கும் பேச்சு இருக்காது. பன்னிரண்டு, பதினைந்து வருஷம் இருக்கும். பாப்பாவுக்கு இப்போது எட்டு. அவள் காலேஜுக்குப் போன பிறகு கண்ணில் புரை விழுந்த கிழநாயைத் தூக்கிப்போய் மூத்திரம் போக வைக்கப்போவது நீதான். அதற்குச் சம்மதமா என்று உன்னையே கேட்டுக்கொள், பிறந்தநாள் இன்னும் இருபது நாள் இருக்கிறது.

சம்மதம் என்றால், குட்டி பார்க்கப் போகும்போது என்னையும் கூப்பிடு. ஆரணிக்குப் பஸ் ஏறிவிடுவேன். தாயைக் காட்டாதவரிடம் பணம் கொடுக்காதே. அதற்கு முன்னால் ஒரு வேலை. மாப்பிள்ளை தறியில் இல்லாத நேரத்தில் குழியைப் பலகை போட்டு மூடவேண்டும். அந்தக் காலுக்கு அது கிணறு. இங்கே தச்சரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு குழியின் நீள அகலத்தையும் அளந்து போனில் சொல்.

அன்புடன்,
பெரியப்பா