மித்தி ஆறு

மும்பையின் வடபால் காட்டுக் குன்றுகளிடையே, 1860-இல் கட்டி முடிக்கப்பெற்ற விஹார் ஏரி அமைந்துள்ளது. அதுவும் அடுத்துள்ள பொவாய் ஏரியும் நிரம்பி வழியும் நீரே மித்தி ஆறாகும். சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, தாராவியின் ஓரமாக மாஹிம் கழிமுகத்தில் கடலை அடைகின்றது. கோடையில் இதனைச் சாக்கடை என்றே பலரும் கருதுவர், அது வியப்பன்று.

மேற்பகுதியில் சரிவு மிகுதி; கழிமுகத்தை அடுத்த தரையோ கடல்மட்டத்தை ஒட்டியது. ஆதலால் ஓதம் ஏறுங்கால் கடல்நீர் உட்புகுந்து வெள்ளத்தைத் தடுக்கின்றது. ஓதம் வடியும்வரை அவ்வெள்ளம் பரவி நிற்க முன்னர்ச் சதுப்பு நிலங்களும் அலையாத்திக் காடுகளும் இடமளித்தன. அவற்றில் பெரும்பகுதி மண்ணிட்டு மேடாக்கப்பட்டது. பாந்த்ரா-குர்லா வளாகம் அவ்வாறு எழுந்ததே. 2005 ஜூலை 26-27-இல் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓதமும் உடன் ஏறிற்று. வடிய வழியின்றி, வெள்ளம் குர்லா, காலினா முதலிய பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது.