புயலில் கடல் பொங்குமா? எச்சரிக்கையிலுள்ள மீட்டர் கணக்கு

கடற்கரையோரம் நிலம் வைத்திருக்கும் உழவர் பெருமக்கள், புயல் என்றதும் காற்றையும் மழையையுமே நினைக்கின்றனர். பொங்கி வரும் கடல்நீர் அவற்றினும் கொடியது.

கடல் ஏன் பொங்குகிறது?

புயற்காற்று கடல்நீரைக் கரை நோக்கித் தள்ளுகிறது. கரையோரக் கடல் ஆழமற்றிருந்தால், வந்த நீர் திரும்ப வழியின்றி உயருகிறது. நம் கிழக்குக் கரையில் மேற்கு நோக்கி வரும் புயல் கரையைக் கடக்கும்போது, கடக்கும் இடத்திற்கு வடக்கேயுள்ள ஊர்களுக்கே ஆபத்து அதிகம். அங்குதான் காற்று கடலிலிருந்து வீசும்.

கணிப்பொறி கணிக்கும் முறை

வயலைப் பாத்திகளாகப் பிரிப்பதுபோல, கடலைச் சிறு முக்கோணங்களாகப் பிரிக்கின்றனர். கடலின் ஆழம், காற்றின் வேகம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் கொடுத்தால், ஒவ்வோர் இடத்திலும் நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்பதைக் கணிப்பொறி கணக்கிட்டு வண்ணப் படமாகக் காட்டும். நம் நாட்டில் ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இப்பணியைச் செய்கிறது.

ஒரு பாடம்

2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் பிலிப்பைன்ஸ் நாட்டைத் தாக்கியது. கடல் பொங்கும் என முன்னரே கணித்து அறிவித்திருந்தனர். ஆனால் அறிவிப்பிலிருந்த ஆங்கிலச் சொல் பலருக்குப் புரியவில்லை. டக்ளோபான் நகரில் காற்றுக்குத் தாங்கும் கட்டிடம் போதுமென்று பலர் கடலருகிலேயே தங்கினர். அக்கட்டிடங்களிலும் வெள்ளம் புகுந்தது. அப்புயலில் 6,000 பேருக்கு மேல் மாண்டனர்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. அறிவிப்பில் கூறும் உயரம், வழக்கமான ஓதத்திற்கு மேற்பட்டது. எடுத்துக்காட்டாக, ஓதம் அரை மீட்டர், பொங்கும் நீர் ஒன்றரை மீட்டர் என்றால், கடல் 2 மீட்டர் உயரும். கடல் மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்திலுள்ள வயலில் அரை மீட்டர் நீர் நிற்கக்கூடும். அலைகள் இதற்கும் மேல் எழும்.

2. உங்கள் வீடும் வயலும் கடல் மட்டத்திற்கு எவ்வளவு மேலே உள்ளன என்பதை இப்போதே கேட்டறியுங்கள்.

3. புயலின் பாதை சற்று விலகினாலும் கணக்கு மாறும். எனவே கடைசியாக வந்த அறிவிப்பையே நம்புங்கள்.

4. எச்சரிக்கை வந்ததும் குடும்பத்தாருடனும் கால்நடைகளுடனும் கடலை விட்டு விலகி மேட்டு நிலத்திற்குச் செல்லுங்கள். விதை நெல்லையும் அங்கே சேர்த்துவிடுங்கள்.

5. வயலில் புகுந்த உப்புநீரை உடனே வடித்து, பின்னர் நல்ல நீரைத் தேக்கி வடியுங்கள். மண் பரிசோதனைக்குப் பிறகே அடுத்த பயிரைத் தொடங்குங்கள்.