எலும்பிற் புற்றும் விளையாட்டு வாலிபரும்

சடுகுடுக் களமோ கைப்பந்து வலையோ இல்லாத ஊரைப் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கங்களிற் காண்பது அரிது. மாலையில் விளையாடி வரும் பையன் முழங்கால் நோகிறது என்றால், வீட்டில் நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்ப்பார்கள். அதிலும் தீராவிடின் கட்டுப் போடுகிறவரிடம் அழைத்துச் செல்வார்கள். பெரும்பாலும் அவ்வளவிலேயே நோவு நீங்கிவிடும். அவ்வாறு நீங்காத நோவொன்று உண்டு. அதனைக் குறித்தே ஈண்டு எழுதப் புகுந்தோம். விளையாட்டுப் பழக்கமுள்ள வாலிபர் நோவைப் பொறுத்துக்கொள்வதையே ஒரு பெருமையாகக் கொள்வராதலின், இவ்வியாதி அவர்களிடத்து நெடுநாள் ஒளிந்திருக்க இடமுண்டு.

எலும்பிற் புற்று பலவகைப்படும். அவற்றுள் ஆஸ்டியோசர்க்கோமா என வைத்தியர் வழங்குவது அரிய வியாதியேயாயினும், வரும்பொழுது பெரும்பாலும் சரீரம் விரைந்து வளரும் வாலிபப் பருவத்திலேயே வருகிறது. தொடையெலும்பின் கீழ்முனை, கீழ்க்காலெலும்பின் மேல்முனை, தோளையடுத்த கையெலும்பு ஆகிய இவையே அது மிகுதியாய்த் தோன்றும் இடங்கள். அதாவது, எலும்பு வேகமாய் நீளும் இடங்கள். அது ஒட்டுவாரொட்டி அன்று; அடிபட்டதனால் வருவதும் அன்று. அடிபட்டபின் அவ்விடத்தை உற்றுநோக்குகிறோமாதலால், முன்பே இருந்த கட்டி அப்பொழுது கண்ணிற் படுகிறது, அவ்வளவே. ஓய்வெடுத்தும் வாரக்கணக்கில் தீராத நோவு, உறக்கத்தினின்று எழுப்பிவிடும் நோவு, நாளுக்கு நாள் பருக்கும் வீக்கம் இவை காணின், தேய்ப்பதையும் கட்டுவதையும் நிறுத்தி, உடனே ஓர் எக்ஸ்ரே படம் எடுப்பிக்க வேண்டும்.

இவ்வியாதியை எதிர்த்து நின்ற வாலிபருள் உலகம் நன்கறிந்தவர் கனடா தேசத்து டெர்ரி ஃபாக்ஸ். அவர் 1958ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் ரோலி ரயில்வேயில் வேலை பார்த்தவர். தாயார் பெயர் பெட்டி. பள்ளியிற் சேர்ந்த காலத்தில் டெர்ரி உயரங் குறைந்த பையன். கூடைப்பந்துக்கு உதவான் என்று ஆசிரியர் நினைத்து, ஓட்டம் பழகும்படி சொன்னார். பையன் விடவில்லை. விடாமற் பழகி, பள்ளிப்படிப்பு முடியுமுன் அங்குள்ள சிறந்த விளையாட்டு வீரருள் ஒருவரானார். 1976ஆம் ஆண்டின் இறுதியில் வலது முழங்காலில் நோவு கண்டது. பந்தயக் காலம் முடியட்டும் என்று அதனைப் பொருட்படுத்தாதிருந்தார்! 1977 மார்ச்சு மாதத்தில் நோவு பொறுக்க முடியாததாகவே, ஆஸ்பத்திரியில் புற்று என்று கண்டு, முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டனர். அப்பொழுது அவருக்கு வயது 18. பிழைப்பதற்கு நூற்றுக்கு 50 பங்கு இடமுண்டு என்றும், இரண்டாண்டுகளுக்கு முன்னாயின் 15 பங்கே என்றும் வைத்தியர் கூறினர். அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஆராய்ச்சியே கடந்தது என்பது அவர் மனத்திற் பதிந்தது.

பின்னர்ப் பதினாறு மாதம் மருந்தேற்றினர். அவ்வாறு மருந்தேற்றுங் காலத்திலேயே சக்கர நாற்காலியிலமர்ந்து ஆடும் கூடைப்பந்தாட்டத்திற் சேர்ந்தார். அதன்பின் ஒற்றைக்காலோடு தேசத்தையே ஓடிக் கடந்து, புற்றாராய்ச்சிக்குப் பொருள் சேர்க்கப் போவதாக வீட்டிற் சொன்னபோது, தாயார் பைத்தியக்காரத்தனம் என்றார். தந்தையார் எப்பொழுது புறப்படுகிறாய் என்று மட்டும் கேட்டாராம். இவ்விருவர் சொல்லையும் நாம் அன்பென்றே கொள்கிறோம். 1980 ஏப்ரல் 12இல் தொடங்கிய ஓட்டத்தில் நண்பர் ஒருவர் வண்டியோட்டினார். இடையில் 17 வயதுத் தம்பி டாரெலும் வந்து சேர்ந்து, அண்ணனுக்கு வேண்டியவற்றைக் கவனித்தார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் கடந்தபின், செப்டம்பர் 1இல் நுரையீரலிற் புற்று கண்டு ஓட்டம் நின்றது. 1981 ஜூன் 28இல் அவர் காலமானார்.

இவ்வியாதிக்கு வழங்கும் மருந்துகளுள் மெத்தோட்ரெக்ஸேட் என்பது ஒன்று. அது பிறந்த இரசாயன ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர், சென்னை வைத்தியக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது நம்மவருட் பலர் அறியாத செய்தி. இக்காலத்தில் முதலிற் சில வாரம் மருந்தேற்றிக் கட்டியைச் சுருக்கி, அதன்பின் சத்திர சிகிச்சை செய்து, மீண்டும் மருந்தேற்றுவர். காலை எடுக்காமலே, கெட்ட எலும்பை மட்டும் நீக்கி உலோக மூட்டு வைப்பது பலருக்கு இயலுகிறது. வியாதி வேறிடம் பரவுமுன் கண்டால், மூவரில் இருவர் அளவிற்குப் பிழைக்கின்றனர்.

சென்னைச் சேப்பாக்கத்தில் 2011 மார்ச்சு 20இல் யுவராஜ் சிங் மைதானத்திலேயே வாந்தியெடுத்துக்கொண்டு 113 ஓட்டங்கள் எடுத்ததைக் கண்டோர் பலர். அவருக்கு வந்தது எலும்பிற் புற்றன்று. நெஞ்சில் இரு நுரையீரலுக்கும் நடுவே தோன்றியது. வயதும் பதின்மத்தைக் கடந்தது. எனினும் உடம்பின் எச்சரிக்கையை விளையாட்டு மறைத்த கதை ஒன்றே. 2012இல் அமெரிக்காவிற் சிகிச்சை பெற்றபோது தாயார் உடனிருந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அதே சேப்பாக்கத்தில் திரும்ப ஆடினார்.

நம் ஜில்லாக்களின் நிலைமைக்கு வருவோம். இவ்வகைச் சிகிச்சை மாதக்கணக்கில் நடப்பது. பெரும்பாலும் வெளியூரில் நடப்பது. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கை புற்றினால் இறந்த துயரத்தினின்று எழுந்து, 1954இல் நிறுவிய அடையாற்று நிலையத்திற்கு இங்கிருந்து செல்ல வேண்டுமாயின், அரியலூரார்க்கு ரயில் உண்டு. பெரம்பலூர் நகருக்கோ ரயில் இல்லை, பேருந்தே கதி. புற்றுநோயாளிக்கும் துணை செல்பவர்க்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. வருமான வரம்புக்குட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இடமுண்டு. முதல் முறை செல்லும்போதே அதற்குரிய சீட்டைக் கையோடு கொண்டுபோதல் நலம்.

தாய் பையனுடன் சென்றுவிட்டால், வெங்காயப் பட்டறையையும் மக்காச்சோளக் கொல்லையையும் தந்தை பார்க்க வேண்டும். பாட்டி அடுப்படிக்கு வருவாள். தங்கை தனியே பள்ளிக்குப் போவாள். உதவி என்று நாம் ஒரு சொல்லால் சொல்வது இத்தனை பேருடைய நாட்கூலியும் உறக்கமுமாம். மருந்தேற்றிய சில நாட்களில் வெள்ளணு குறையும். அக்காலத்திற் காய்ச்சல் கண்டால் மறுநாள் பார்க்கலாம் என்றிராமல், இரவாயினும் ஆஸ்பத்திரி சேர வேண்டும். பார்க்க வரும் சுற்றத்தார், சளியும் இருமலுமாயின் வாசலோடு நின்று திரும்புவதே அன்பு. வாய்ப்புண் உள்ளபோது காரமில்லாத குழைந்த சோறு போதும். முடி உதிர்வதைப் பற்றி வீட்டார் அழுவதினும், தமையன் தானும் ஒரு மொட்டையடித்துக்கொண்டு வந்து நிற்பது பையனுக்கு ஆறுதல்.

விளையாட்டுத் தோழர்க்கும் இதில் வேலையுண்டு. வீட்டிற்கு வந்து பந்தயச் செய்தியை ஒளிக்காமற் சொல்லலாம். புள்ளி எழுதும் பலகையை அவனிடம் கொடுத்து மைதானத்தோரம் அமர்த்தலாம். புதுமூட்டு வைத்தவன் சடுகுடு போன்ற மோதலாட்டத்திற்குத் திரும்புதல் பொதுவாகத் தகாது. வைத்தியர் அனுமதித்தால் நீச்சல் நன்று. சிகிச்சை முடிந்தபின்னும் சில மாதங்களுக்கொருமுறை நெஞ்சைப் படமெடுத்துப் பார்ப்பர். இப்புற்று திரும்பினால் பெரும்பாலும் நுரையீரலிலேதான் முதலிற் காணும். பையன் நன்றாயிருக்கிறான், அறுவடை நேரம், அடுத்த மாதம் போகலாம் என்று வீட்டார் எண்ணும் அந்தப் பயணந்தான் தவறவிடக் கூடாதது.