ஸ்டீயரிங் தண்டை மீண்டும் பொருத்தும் முறை

காரின் இயந்திர வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் திறமை நம் தோட்டப்புற இளைஞர் பலரிடம் உண்டு. இயந்திரத்தை இறக்கும்போது சில வண்டிகளில் ஸ்டீயரிங் தண்டையும் கழற்ற நேரிடும். அதனைத் திரும்பப் பொருத்துவதில் நேரும் சிறு பிழையும் உயிருக்கே உலை வைக்கும். ஆதலின், அம்முறையை இங்குக் காண்போம்.

முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, ஸ்டீயரிங் வளையம் சுழலாதவாறு கட்ட வேண்டும். காற்றுப்பை உள்ள வண்டிகளில் வளையத்தின் அடியில் சுருள் நாடா ஒன்று இருக்கும். தண்டு கழன்ற நிலையில் வளையம் பல சுற்றுகள் சுழன்றால் அந்நாடா அறுந்துவிடும்; பின்னர் விபத்தின்போது காற்றுப்பை விரியாது போகலாம். தண்டும் இணைப்பும் சேருமிடத்தில் வண்ணக்கோடு ஒன்று இட்ட பின்னரே கழற்றுதல் வேண்டும்.

பொருத்தும்போது அக்கோடுகளை நேர்ப்படுத்தி, தண்டை இணைப்பினுள் முழுமையாகச் செலுத்துவோம். தண்டின் பக்கவாட்டில் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். இறுக்கும் திருகாணி அப்பள்ளத்தின் வழியே செல்லுதல் மிக முக்கியம். திருகாணி சற்றுத் தளர்ந்தாலும் தண்டு நழுவாமல் காப்பது அதுவே. தண்டு முழுதும் நுழையாவிடில், திருகாணி அதன் நுனிக்கு அப்பால் சென்றுவிடும். பார்வைக்கு இறுகியதுபோல் தோன்றினும், ஓட்டத்தில் தண்டு கழன்றுவிடக்கூடும். வண்டியின் கையேடு குறிப்பிடும் அளவுக்கே திருகாணியை இறுக்க வேண்டும். புதியதை இடச் சொல்லியிருப்பின் பழையதைப் பயன்படுத்தலாகாது.

இறுதியாக, வளையத்தை இருபுறமும் முழுமையாகத் திருப்பிப் பார்ப்போம். நடுநிலையிலிருந்து இருபுறச் சுற்றுகளும் சமமாக இருத்தல் வேண்டும். ஐயம் சிறிது இருப்பினும், சாலையில் இறங்குமுன் தேர்ந்த பட்டறைக்காரரை வரவழைத்துக் காட்டுவதே அறிவுடைமை.