மீன்பிடி உரிமத்தில் குற்றப் புள்ளிகள்

ஏரி நீரை ஒருவர் முறை தவறித் திருப்பிக்கொண்டால், ஆயக்கட்டு முழுவதும் அதனால் பாதிக்கப்படுகிறது. கடலிலும் அப்படித்தான். ஒரு படகு குஞ்சு மீன்களை வாரிக்கொண்டு போனால், விதிப்படி நடக்கும் மற்றப் படகுகளுக்குப் பின்னர் மீன் குறைந்துவிடும். இத்தகைய மீறல்களைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குற்றப் புள்ளி முறை கையாளப்படுகிறது. அதன் விவரங்களை இங்குக் காண்போம்.

ஏன் இந்த முறை?

திருட்டு மீன்பிடிப்பில் வரும் வருமானம் அபராதத்தைவிட அதிகமாக இருந்தால், படகு உரிமையாளர் அபராதத்தையும் டீசல், பனிக்கட்டிச் செலவோடு சேர்த்துக் கணக்கு எழுதிவிடுவார். அங்கு விதிக்கப்பட்ட தண்டனைகள் போதிய அச்சம் தருவனவாக இல்லை என்று ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2007-இல் சுட்டிக்காட்டியது. 2009-இல் புதிய மீன்வளக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2012 முதல் புள்ளி முறை நடைமுறைக்கு வந்தது. அபராதத்திற்குப் பதிலாக அல்ல, அதனுடன் கூடுதலாகவே புள்ளிகள் விதிக்கப்படுகின்றன.

எக்குற்றத்திற்கு எத்தனை புள்ளி?

கடுமையான குற்றங்களுக்கு மட்டுமே புள்ளி உண்டு. 2012-இல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் சில:

1. பிடித்த மீனின் கணக்கை முறைப்படி பதிவு செய்யாமை – 3
2. தடை செய்யப்பட்ட வலை, கருவிகளைப் பயன்படுத்துதல் – 4
3. உரிய அளவு வளராத மீனைப் பிடித்துக் கரை சேர்த்தல் – 5
4. தடைக்காலத்தில் அல்லது தடைப் பகுதியில் மீன் பிடித்தல் – 6
5. உரிமமின்றி மீன் பிடித்தல், அதிகாரிகளின் பணியைத் தடுத்தல் – 7

ஒரே சோதனையில் பல குற்றங்கள் பிடிபட்டாலும் 12 புள்ளிகளுக்கு மேல் விதிக்கக் கூடாது என்றும் வகுக்கப்பட்டது.

புள்ளிகள் சேர்ந்தால்?

மொத்தம் 18 புள்ளிகள் ஆனால் உரிமம் 2 மாதம் நிறுத்தப்படும். 36 ஆனால் 4 மாதம். 54 ஆனால் 8 மாதம். 72 ஆனால் ஓராண்டு. 90 புள்ளிகளை எட்டினால் உரிமம் நிரந்தரமாகப் பறிபோகும். கடைசிக் குற்றத்திலிருந்து 3 ஆண்டுகள் கடுமையான குற்றம் எதுவும் செய்யாதிருந்தால் புள்ளிகள் அனைத்தும் நீங்கிவிடும். படகுத் தலைவருக்கும் தனியே புள்ளிகள் உண்டு. 2023-இல் இச்சட்டம் விரிவாகத் திருத்தப்பட்டது. புள்ளி சேரச் சேர உரிமம் போகும் என்ற அடிப்படை மாறவில்லை.

விற்றாலும் விடாது

படகை விற்றால் புள்ளிகள் கழிந்துவிடுவதில்லை. உரிமத்தோடு சேர்ந்து வாங்கியவரிடமே செல்கின்றன. எடுத்துக்காட்டாக, ஒருவர் பதிவு செய்யாமை (3), அளவு குறைந்த மீன் (5), தடை வலை (4) ஆகியவற்றால் 12 புள்ளிகள் பெற்றபின் படகை விற்கிறார் என்று கொள்வோம். வாங்கியவர் ஒரே ஒருமுறை தடைப் பகுதியில் வலை வீசினால் மேலும் 6 சேர்ந்து 18 ஆகிறது. அவருக்கு அது முதல் குற்றமே ஆயினும், 2 மாதம் படகைக் கரையில் கட்டிவைக்க வேண்டியதுதான். அந்த இரண்டு மாதத்திலும் கடன் தவணையும் குடும்பச் செலவும் நிற்பதில்லை.

ஆகவே நிலம் வாங்குமுன் வில்லங்கச் சான்று பார்ப்பதைப் போல, அங்குப் படகு வாங்குவோர் அதன் உரிமத்தில் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதைப் பார்த்தே விலை பேச வேண்டும். பொதுச் சொத்தைக் காக்கும் விதிகளுக்கு இது நல்ல பாடம்: ஒருமுறை கட்டி மறந்துவிடும் அபராதத்தைவிட, தொழிலோடு தொடர்ந்து வரும் கணக்கே மனிதனை எச்சரிக்கையாக வைக்கிறது.